மலைநாட்டு அடுக்களையும் அமெரிக்கப் பழஞ்சமையலும்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்கர்களின் பழைய வீட்டுச் சமையலைப் பற்றிப் பழனி மலைப் பகுதியிலிருந்து இத்தனை கடிதங்கள் வந்திருப்பதில் வியப்பில்லை. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளியையும் தொடங்கினார்கள். அந்த வீடுகளின் குசினியில் வெந்நீர் வைத்ததிலிருந்து கேக் சுட்டது வரை பெரும்பாலான வேலையைச் செய்தவர்கள் நம் மக்கள்தான். ஆகவே கடல் கடந்து வந்த செய்முறைகள் தமிழ்க் கையெழுத்தில் நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடப்பது இயல்பே.

வாசகி ஒருவர், நாயுடுபுரம், கொடைக்கானல்: என் தாத்தா ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். அவர் தமிழில் எழுதி வைத்த நோட்டில், ‘ஜிஞ்சர்பிரெட்: மொலாசஸ் 1 டீ கப், வெண்ணெய் முட்டை அளவு, சலரேட்டஸ் 1 டீஸ்பூன், சுக்குப்பொடி, மாவு வேண்டிய மட்டும், நடுத்தரச் சூடு’ என்று மட்டுமே இருக்கிறது. இதை மட்டும் வைத்து இந்த இஞ்சிக் கேக்கை எப்படிச் செய்வது? சலரேட்டஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?

அம்மா, சலரேட்டஸைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். வீட்டிலுள்ள ஆப்பச் சோடாவே போதும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மளிகைக் கடைகளில் அந்தப் பெயரில் விற்றது முதலில் பொட்டாசியம் பைகார்பனேட். பின்னர் விலை மலிந்த சோடியம் பைகார்பனேட்டும் அதே பெயரில் வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் மெல்ல வழக்கொழிந்துவிட்டது. எனவே உங்கள் தாத்தா எழுதிக்கொண்ட குறிப்பு, அவருக்குச் சம்பளம் கொடுத்த அம்மையாருடையது என்பதைவிட அந்த அம்மையாருடைய தாயாரின் குறிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவுகள் பிடிபடவில்லை என்று வருந்தாதீர்கள். அந்தக் காலத்துச் செய்முறை, சமைக்கத் தெரிந்தவருக்கு மறந்துபோகாமலிருக்க எழுதிய குறிப்பு. நாம் ‘புளி எலுமிச்சை அளவு’ என்று எழுதிவிட்டு மேலே போவதைப் போன்றதுதான். அமெரிக்கப் பழைய புத்தகங்களில் முட்டை அளவு வெண்ணெய் என்றால் 55 முதல் 60 கிராம் என்றும், வால்நட் அளவு என்றால் ஏறத்தாழ 30 கிராம் என்றும், டீ கப் என்றால் சுமார் 180 மில்லி என்றும், காபி கப் என்றால் 240 மில்லி என்றும், வைன் கிளாஸ் என்றால் 60 மில்லி என்றும் கொண்டால் பெரும்பாலும் தவறாது. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர்களுள் முதன்மையானவர் பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைவியாக இருந்த ஃபேனி ஃபார்மர். இளம் வயதில் பக்கவாதத்தால் படிப்பை இழந்தவர் அவர். கோப்பையையும் கரண்டியையும் நிரப்பி, மேலே குவிந்திருப்பதைக் கத்தியால் வழித்துவிட்டு அளக்க வேண்டும் என்று 1896-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் விதித்தார். பதிப்பகத்தார் அதன் விற்பனையில் நம்பிக்கை வைக்காமல், முதல் 3,000 படிகளை அவருடைய சொந்தச் செலவிலேயே அச்சிடச் செய்தார்கள். பிறகு அது பல தலைமுறைகளுக்கு அமெரிக்க வீடுகளின் சமையல் வேதமாக இருந்தது.

நடுத்தரச் சூடு என்பது இன்றைய ஓவனில் 175 முதல் 190 டிகிரி செல்சியஸ். மெல்லிய சூடு என்றிருந்தால் 150 முதல் 165. கடுஞ்சூடு என்றிருந்தால் 200-க்கு மேல். விறகும் கரியும் எரித்த இரும்பு அடுப்பில் வெப்பமானி இல்லை. சமையற்காரர் கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும் வரை சூடு பொறுக்கிறது என்று பார்ப்பார், அல்லது வெள்ளைக் காகிதத் துண்டொன்றை உள்ளே வைத்து அது பழுப்பேறும் வேகத்தைக் கவனிப்பார். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் பார்த்திருப்பார். அந்தக் கைப்பழக்கம் நோட்டில் ஏறாமல் போனதில் வியப்பில்லை.

இனி மொலாசஸ். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை பிரித்தபின் எஞ்சும் கரிய பாகு அது. கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் நடந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வட அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து, வெள்ளைச் சர்க்கரை வாங்க இயலாத வீடுகளுக்கு இனிப்பளித்தது. 1733-இல் பிரிட்டிஷ் அரசு இதற்கெனத் தனி வரிச்சட்டமே போட்டது என்றால் அதன் புழக்கத்தை உணரலாம். நம் சர்க்கரை ஆலைகளிலிருந்து வரும் கழிவுப்பாகு சாராய ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போவது, அதை வாங்கிவிடாதீர்கள். கெட்டியான கறுப்பு வெல்லப்பாகு பொருத்தமானது. ஆனால் மொலாசஸில் இயல்பாகவே ஒரு புளிப்பு உண்டு, சோடாவைப் பொங்க வைப்பது அதுதான்; வெல்லப்பாகில் அது போதாது என்பதால் தண்ணீருக்குப் பதில் புளித்த மோர் சேர்க்க வேண்டும். 180 மில்லி பாகு, 60 கிராம் உருக்கிய வெண்ணெய், 100 மில்லி மோர், 200 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை சேர்ந்தால் குறிப்பில் விடுபட்டது நிறைந்துவிடும். சோடாவை மட்டும் உங்கள் ஊர் உயரத்தைக் கருதி முக்கால் டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பெருமாள்மலை மாணவிக்கு எழுதிய பதிலில் காண்க.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தாண்டிக்குடி: அமெரிக்காவின் முதல் சமையல் புத்தகம் எது? அதற்கு முன் அவர்கள் எதைப் பார்த்துச் சமைத்தார்கள்?

ஐயா, இங்கிலாந்துப் புத்தகங்களைப் பார்த்துத்தான். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் 1742-இல் அச்சான சமையல் புத்தகம் அமெரிக்க மண்ணில் அச்சேறியவற்றுள் மிகப் பழையது. ஆனால் அது லண்டனில் வெளிவந்திருந்த ஒன்றின் மறு அச்சே. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் வெளிவந்த முதல் சமையல் புத்தகம் அமீலியா சிம்மன்ஸ் எழுதி, 1796-இல் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் அச்சானது. தலைப்புப் பக்கத்தில் அவர் தம்மை ‘அநாதை’ என்று சொல்லிக்கொண்டதைத் தவிர அவரது வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 47 பக்கங்களே கொண்ட சிறு நூல். அதிலும் பல செய்முறைகள் ஆங்கிலேயப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை. ஆனால் எஞ்சியவற்றில் புதிய மண்ணின் வாசனை இருந்தது: மக்காச்சோள மாவில் தட்டையான ரொட்டி, மக்காச்சோள மாவைப் பாலில் நெடுநேரம் வேகவைத்த புட்டிங், பூசணிப் புட்டிங், வான்கோழிக்குத் துணையாகக் கிரேன்பெர்ரி. மக்காச்சோளமும் பூசணியும் அந்நாட்டுப் பூர்வகுடிகள் பயிரிட்டு வந்தவை. குடியேறிகள் முதல் பனிக்காலங்களைத் தாண்டியதே அவற்றால்தான்.

அந்நூலின் இன்னொரு புதுமை பேர்ல் ஆஷ் எனப்படும் சுத்திகரித்த மரச்சாம்பல் உப்பு. அதற்கு முன் கேக் உப்ப வேண்டுமானால் ஈஸ்ட் வேண்டும், அல்லது முட்டையை மணிக்கணக்காக அடிக்க வேண்டும். காடுகளை வெட்டி எரித்து நிலம் திருத்திய நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை; 1790-இல் அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே இந்தச் சாம்பல் உப்பைத் தயாரிக்கும் முறைக்குத்தான். சாம்பல் உப்பிலிருந்து சலரேட்டஸ், அதிலிருந்து சோடா, 1856-இல் ஹார்வர்டு வேதியியலார் ஈபன் ஹார்ஸ்ஃபர்டு காப்புரிமை பெற்ற பாஸ்பேட் உப்பின் வழியே பேக்கிங் பவுடர் என்று இந்த வரிசை நீண்டது. ஒரு பழஞ்செய்முறையின் வயதை மதிப்பிட வேண்டுமானால், அதன் மாவு எதனால் உப்புகிறது என்று பார்ப்பதே நான் நம்பும் வழி. தலைப்புப் பக்கத்து ஆண்டுகூட மறுபதிப்பில் மாறிவிடும்.

சிம்மன்ஸ் தமக்குப் போதிய படிப்பில்லாததால் வேறொருவரைக் கொண்டு எழுதுவித்ததாகவும், எழுதியவர் தம் விருப்பத்துக்குச் சிலவற்றைக் கூட்டிக் குறைத்துவிட்டதாகவும் பின்னர் புத்தகத்திலேயே குறைபட்டுக்கொண்டார். அமெரிக்கச் சமையல் எழுத்தில் இந்தச் சிக்கல் மறுபடி மறுபடி வரும். தென் மாநிலங்களில் அடுப்படியில் நின்றவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஏட்டில் பெயர் பொறித்தவர்கள் பெரும்பாலும் வீட்டு எசமானிகள். வெண்டைக்காயைக் கொழகொழப்புடன் சாறாக வைப்பதும், அரிசியையும் காராமணியையும் சேர்த்துப் பன்றிக்கறியோடு வேகவைக்கும் ஹாப்பிங் ஜானும் ஆப்பிரிக்கக் கைகளின் வழியே வந்தவை. ஆனால் ஹாப்பிங் ஜான் 1847-இல் அச்சேறியது சாரா ரட்லெட்ஜ் என்னும் கரோலினாச் சீமாட்டியின் புத்தகத்தில். 1866-இல் மாலிண்டா ரஸ்ஸல் என்ற கறுப்பினப் பெண்மணி மிச்சிகனில் தம் பெயரிலேயே ஒரு சிறு நூலை வெளியிட்டார். அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர், எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலும், தம் செய்முறைகளைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, 1881-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் புத்தகமாக்கினார். பழைய அமெரிக்கச் சமையலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பாஸ்டனோடு நின்றுவிடாமல் இந்த இருவரையும் படித்தாக வேண்டும் என்பது என் கருத்து.

வாசகர், வத்தலக்குண்டு: ஆப்பிள் பை அமெரிக்கர்களின் பூர்விக உணவுதானே?

இல்லை. தோட்டத்து ஆப்பிள் கப்பலேறிப் போனது. மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் ஆப்பிள் பையும் இங்கிலாந்திலிருந்து அதனுடன் போனது, அங்கே 14-ஆம் நூற்றாண்டிலேயே அதற்குச் செய்முறை உண்டு. பூர்விகம் வேண்டுமென்றால் பூசணியிடம் போங்கள்.

இல்லத்தரசி, ஒட்டன்சத்திரம்: அமெரிக்காவின் பழைய சமையல் புத்தகங்களில் நம் ஊர்க் குழம்பு, மசாலா ஏதேனும் உண்டா?

உண்டு, ஆனால் பார்த்தால் சிரிப்பீர்கள். மேரி ரேண்டால்ஃப் என்பவர் 1824-இல் வர்ஜீனியாச் சமையலைப் பற்றி வெளியிட்ட நூலில் கோழிக் கறிக்குழம்பும் அதற்கான மசாலாப் பொடியும் இருக்கின்றன. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகாய்த்தூள் ஆகிய ஏழையும் தலைக்கு ஓர் அவுன்ஸ் வீதம் இடித்துச் சலித்துப் புட்டியில் அடைக்கச் சொல்கிறார். கொத்தமல்லிக்கு நிகரான எடையில் ஜாதிக்காய்! தாண்டிக்குடிப் பக்கத்து மிளகு வியாபாரி ஒருவரிடம் இதைச் சொன்னால் அந்த அம்மையார் பெரும் பணக்காரராக இருந்திருக்க வேண்டும் என்பார். ஒரு பண்டத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும் என்று அவரே எச்சரித்திருப்பதுதான் சாப்பிட்டவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று கண்ட்ரி கேப்டன் என்னும் கோழிக் கறி. இந்தியாவில் ஆங்கிலேயர் வீடுகளில் உருவான இந்தப் பண்டம், 1857-இல் வெளிவந்த எலைசா லெஸ்லியின் புத்தகத்திலேயே இடம்பெற்றுவிட்டது. பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் ஊன்றி, தக்காளி, குடைமிளகாய், உலர் திராட்சை, பாதாம் எல்லாம் சேர்ந்து தென் மாநிலத்து விருந்துணவாகவே மாறியது. குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அது பிடித்தமான உணவு. நம் பக்கத்திலிருந்து போய் அவர்கள் வீட்டுப் பழஞ்சமையலாகிவிட்ட பண்டம் அது. அதைச் சமைக்க விரும்பினால் கறிவேப்பிலையைச் சேர்க்க உங்கள் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள், அது வேறு குழம்பாகிவிடும்.

வாசகி, பழனி அடிவாரம்: நாங்கள் சைவம். அமெரிக்கப் பழஞ்சமையலில் முட்டை இல்லாத கேக் உண்டா? அந்தப் புத்தகங்களிலிருந்து சமைக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முட்டையில்லாக் கேக்குகள் அங்கே பக்தியால் பிறக்கவில்லை, தட்டுப்பாட்டால் பிறந்தவை. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதும், ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான உணவுத் துறை, கோதுமையும் இறைச்சியும் சர்க்கரையும் கொழுப்பும் போர்முனைக்கும் நேச நாடுகளுக்கும் வேண்டும் என்று சொல்லி, வீடுகள் இன்னின்ன நாளில் இன்னின்னதைத் தவிர்க்கும்படி வேண்டிக்கொண்டது. அப்போது பரவியதுதான் போர்க்கால கேக்: உலர் திராட்சை, பழுப்புச் சர்க்கரை, லவங்கம், பட்டை, கொழுப்பு எல்லாவற்றையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் மாவும் சோடாவும் கலந்து சுடுவது, முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் கிடையாது. 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் அதே கேக் வேறு காரணத்துக்காக மீண்டும் அடுப்பேறியது. 1942-இல் சர்க்கரைக்குப் பங்கீட்டு அட்டை வந்தபோது மறுபடியும்.

இவ்வகைக் கேக்குகளில் நம்மவர்க்கு எளிதானது கோகோ கேக். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 3 டேபிள்ஸ்பூன் கோகோ, 1 டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, 6 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் வினிகர், சிறிது வெனிலா, ஒரு கப் தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, உடனே 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுட வேண்டும். வினிகரும் சோடாவும் சேர்ந்து எழுப்பும் குமிழ்தான் முட்டையின் வேலையைச் செய்கிறது; கலந்த மாவைக் காத்திருக்க வைத்தால் அந்தக் குமிழ் போய்விடும். இந்த அளவு அடிவாரத்துக்கு ஏற்றது.

கவனிக்க வேண்டியவை வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. மாவில் சேர்க்கும் கெட்டிக் கொழுப்பை ஷார்ட்னிங் என்று எழுதியிருந்தால் 1911-க்கு முன் அது பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. அந்த ஆண்டில்தான் பருத்திவிதை எண்ணெயை உறையவைத்து கிரிஸ்கோ விற்பனைக்கு வந்தது. நம் டால்டா 1937-இல் வந்த அதன் உறவு. உருகிய வெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அந்த இடத்தை நிரப்பும். ஜெல்லி என்றால் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டின். கடல்பாசியால் அதை ஈடுகட்டலாம். மின்ஸ்மீட் என்பது பழக்கலவை போலத் தோன்றினாலும் பழைய நூல்களில் உண்மையாகவே மாட்டிறைச்சியும் கொழுப்பும் சேர்ந்தது. பெயரை மட்டும் பார்த்துப் பூசைக்கு மறுநாள் செய்துவிடாதீர்கள்.

பேக்கரி வைத்திருப்பவர், கொடைக்கானல்: சுற்றுலா வருபவர்கள் ‘அமெரிக்கப் பாட்டி கைப்பக்குவம்’ என்று பலகை வைத்தால் விரும்பி வாங்குகிறார்கள். ஜெர்மன் சாக்லேட் கேக்கை அப்படி விற்கலாமா?

விற்கலாம், ஆனால் அது ஜெர்மனியிலிருந்தும் வரவில்லை, பாட்டியிடமிருந்தும் வரவில்லை என்பதைத் தாங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1852-இல் சாமுவேல் ஜெர்மன் என்பவர் உருவாக்கிய சாக்லேட்டின் பெயரால் அமைந்த கேக் அது. 1957-இல் டாலஸ் நகர நாளிதழ் ஒன்றில் ஒரு வாசகியின் செய்முறையாக வெளிவந்த பிறகே நாடெங்கும் பரவியது. பாட்டி இரகசியங்கள் என்று போற்றப்படுபவற்றில் பாதிக்கு மேல் தகர டப்பாவின் பின்புறத்தில் பிறந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். பச்சை பீன்ஸ் கேசரோல் 1955-இல் ஒரு சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலியின் குழு வகுத்தது. 1921-இல் மாவு நிறுவனம் ஒன்று வாசகர் கடிதங்களுக்குப் பதிலெழுத உண்டாக்கிய கற்பனைப் பெண்மணி பெட்டி கிராக்கர். அவரை உயிருள்ளவர் என்றே பலர் நம்பினார்கள். வேளாண் துறைகூட 1926 முதல் ‘ஆண்ட் சாமி’ என்ற கற்பனை அத்தையின் பெயரில் வானொலியில் சமையல் சொல்லிக்கொடுத்தது.

கேக் மாவுப் பொட்டலத்தில் முட்டைப்பொடியை நீக்கி, இல்லத்தரசியே முட்டை உடைத்து ஊற்றட்டும் என்று 1950-களில் உளவியலாளர் சொன்ன பிறகுதான் அது விற்றது என்றொரு கதையும் உலவுகிறது. அது பாதிக் கதை. 1930-களிலேயே பிட்ஸ்பர்க் நிறுவனம் ஒன்று புது முட்டை சேர்க்கும் மாவுக் கலவைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. டப்பாவில் பிறந்ததால் சுவை குறைந்துவிடாது. பலகையில் மட்டும் பாட்டியை விட்டுவிட்டு ‘1957-இன் கேக்’ என்று எழுதிப் பாருங்கள்.

கல்லூரி மாணவி, பெருமாள்மலை: அமெரிக்கப் பழைய செய்முறைப்படி கேக் செய்தால் நன்றாக எழும்பி, பிறகு நடுவில் குழிந்துவிடுகிறது. என் கையில் குறையா, புத்தகத்தில் குறையா?

இரண்டிலும் இல்லை, தங்கையே; நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை பாஸ்டன், பிலடெல்பியா போன்ற கடலோர நகரங்களில் எழுதப்பட்டவை. கொடைக்கானல் ஏரிப் பகுதி சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவுக்குள் எழும் வாயு தடையின்றி விரிகிறது, ஈரமும் விரைவாக ஆவியாகிறது. முட்டையும் மாவும் வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் வெடித்துவிடுவதால் நடுப்பகுதி அமர்ந்துவிடுகிறது. பெருமாள்மலை சற்றுத் தாழ்வு என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது.

அமெரிக்கர்களும் மேற்கே ராக்கி மலைக்குக் குடியேறியபோது இதையே அனுபவித்தார்கள். கொலராடோ வேளாண் கல்லூரியில் இங்கா அலிசன் முன்னின்று நடத்திய ஆய்வுகள், 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உயரத்துக்கேற்ற அளவுகளை வகுத்தன. உங்கள் உயரத்துக்கு அவற்றின் சாரம் இது: ஒவ்வொரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கும் கால் டீஸ்பூன் குறையுங்கள், ஒவ்வொரு கப் சர்க்கரைக்கும் ஒன்று முதல் மூன்று டேபிள்ஸ்பூன் வரை குறையுங்கள், ஒவ்வொரு கப் பாலுக்கும் மூன்று, நான்கு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், சூட்டை 8 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுங்கள். ஒரே நாளில் நான்கையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்; முதலில் பேக்கிங் பவுடரை மட்டும் குறைத்துப் பாருங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துபவர், வில்பட்டி: எங்கள் தோட்டத்துப் பேரிக்காய் கல்லைப் போலக் கடினமானது. பழைய அமெரிக்க முறையில் ஜாம் செய்து, மேலே மெழுகு ஊற்றிப் புட்டியில் அடைத்து விருந்தினருக்கு விற்க நினைக்கிறேன். சரியாக வருமா?

பேரிக்காய்க்கு அமெரிக்கப் பழஞ்சமையலைவிட நல்ல துணை கிடையாது. அங்கும் தென் மாநிலங்களில் விளைந்தது கீஃபர் போன்ற கடினமான இரகமே. 19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவுக்கு அருகே பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில் தோன்றிய அந்த இரகம், இப்போது நம் மலைகளிலும் உண்டு. அப்படியே கடித்துத் தின்னக் கூடாத காய்களைத் தீர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி, ‘பேரிக்காய்த் தேன்’ என்னும் பண்டம். அதில் தேன் ஒரு துளியும் இல்லை. தோலும் நடுவும் நீக்கித் துருவிய பேரிக்காய் ஒரு கிலோவுக்கு, பொடியாக நறுக்கிய அன்னாசி ஒரு சிறு கோப்பை, சர்க்கரை 600 கிராம், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறி, பொன்னிறமாகக் கெட்டிப்படும் வரை காய்ச்ச வேண்டும். எலுமிச்சையைக் குறைக்காதீர்கள், சுவைக்காக மட்டுமன்றிக் கெடாமலிருக்கவும் அந்தப் புளிப்பு வேண்டும்.

பழைய புத்தகம் ஜாமை 104 டிகிரி வரும் வரை காய்ச்சச் சொல்லும். அதை வில்பட்டியில் செய்தால் ஜாம் மிட்டாயாகிவிடும். தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேல் நாலரை டிகிரி என்பதே அடிப்படை விதி. உங்கள் ஊரில் அது 97, 98 டிகிரியிலேயே வந்துவிடும். வெப்பமானியை முதலில் கொதிநீரில் வைத்துப் பார்த்துவிட்டு அதிலிருந்து கணக்கிடுங்கள்.

மெழுகை மட்டும் மறந்துவிடுங்கள். ஜான் மேசன் 1858-இல் திருகுமூடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்ற பிறகும், மூடி வாங்கப் பணமில்லாத வீடுகளில் பாரஃபின் மெழுகு ஊற்றும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. மெழுகு குளிரில் சுருங்கி ஓரம் விடுவதால் பூஞ்சை புகுந்துவிடும். அமெரிக்க வேளாண் துறை அம்முறையை இன்று ஏற்பதில்லை. சூடான ஜாமைக் கொதிநீரில் சுத்தப்படுத்திய புட்டியில், விளிம்புக்குக் கால் அங்குலம் விட்டு நிரப்பி, புதிய மூடியைத் திருகி, புட்டி முழுவதும் மூழ்கும் கொதிநீரில் வைக்க வேண்டும். கடலோரத்தில் 5 நிமிடம் போதும் என்றால், 6,000 அடிக்கு மேலுள்ள உங்கள் ஊரில் 15 நிமிடம் வேண்டும்.

அந்தப் புத்தகங்களில் பீன்ஸ், பட்டாணி, காரட் ஆகியவற்றையும் இதே போல வெறும் கொதிநீரில் அடைக்கும் குறிப்புகள் இருக்கும். அவற்றைத் தொடவே கூடாது. புளிப்பில்லாத காய்களில் பாட்யூலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீருக்குச் சாகா. இதனால் 1917-லிருந்தே அமெரிக்க வேளாண் துறை அவற்றுக்கு அழுத்தக் கலன் ஒன்றையே பரிந்துரைத்து வருகிறது. நம் வீட்டுச் சோற்றுக் குக்கர் அதற்கு ஈடாகாது. பீன்ஸ் மிஞ்சினால் வற்றல் போடுங்கள். ஜாமை விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். புட்டியில் செய்த தேதியை எழுதி, திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்கும்படி விருந்தினருக்கும் சொல்லிவிடுங்கள்.